கறுத்த தோலில் சிவப்பைத் தேடும் பாடம்

படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்ன என்று நர்சிங் மாணவி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ‘விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு’ என்று மனப்பாடமாக விடை வரும். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் காரைக்கால் வார்டுகளில் படுத்திருப்பவர்கள் கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள், நெடுங்காட்டு விவசாயத் தொழிலாளர்கள். அவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. தெரியாத அடையாளத்தைத் தேடச் சொல்லி மாணவிகளை வார்டுக்கு அனுப்பும் பாடமுறையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மேல்தோலின் அடியடுக்கில் உருவாகும் மெலனின், கீழே ஓடும் ரத்தத்தின் நிறத்தை மறைத்துவிடும். இதற்கிடையே இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு மேடு ஆகிய இடங்களில் உடலின் பாரம் நுண்குழாய்களை நசுக்கும். சேதம் பல நேரங்களில் எலும்பை ஒட்டித்தான் தொடங்குகிறது. மேலே தோல் முழுதாகவே இருக்கும். தோல் பிளந்து கண்ணுக்குத் தெரியும்போது முதல் நிலை கடந்து போயிருக்கும். கறுத்த தோலில் தேட வேண்டிய அடையாளங்கள் வேறு: சுற்றிலும் உள்ள தோலைவிட அந்த இடம் மட்டும் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டிப்பட்டோ கொழகொழத்தோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? இதற்கு நல்ல வெளிச்சமும் புறங்கையும் வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. படுக்கைப்புண் வகைப்பாட்டை வகுக்கும் அமெரிக்கத் தேசிய ஆலோசனைக் குழு, 2016இல் திருத்திய வரையறையிலேயே, கறுத்த தோலில் முதல் நிலை வேறுவிதமாகத் தெரியலாம் என்று எச்சரித்திருக்கிறது. பாடநூல்களில் வெள்ளைத் தோல் படங்களே நிறைந்திருப்பதைக் கண்ட லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, கறுப்பு, பழுப்புத் தோல்களில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேட்டை 2020இல் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். அங்கே கறுத்தவர்கள் சிறுபான்மையினர். இங்கே நோயாளியும் நர்சும் ஆசிரியையும் அதே நிறம். இங்கும் இரவல் படத்தை வைத்துப் பாடம் நடத்துவது வெட்கக்கேடு.

தொட்டு அறிவதன் மதிப்பு இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 2022 ஜூலையில் காலரா பரவி, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றியதா என்று அறிய வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். மடிப்பு மெதுவாகப் படிந்தால் ஆபத்து. அந்தச் சோதனைக்குத் தோலின் நிறம் பொருட்டே அல்ல.

இன்னொரு பிழையும் உண்டு. எலும்பு துருத்திய இடத்தில் ஸ்பிரிட் தடவி அழுத்தித் தேய்ப்பதும், காற்றடைத்த வளையத்தில் உட்கார வைப்பதும் கேடு என்று சொல்லியாகிவிட்டது. அவற்றை ‘முதுகுப் பராமரிப்பு’ என்ற பெயரில் இன்னும் செய்துகாட்டச் சொல்லும் ஆசிரியர் எவரும் உடனே நிறுத்த வேண்டும். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ரெக்சின் மெத்தையில் வேர்த்து ஊறிய தோலுக்குத் தேவை, ஈரம் துடைத்து உலர்த்துவதும் புரட்டிப் படுக்க வைப்பதும்தான்.

படுக்கைப்புண் பெரும்பாலும் பராமரிப்பின் குறையே என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதினார். அதைக் காட்டி இரவுப் பணி நர்ஸ் மீது பழிபோட்டுத் தப்பிக்க முடியாது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. அந்த அளவுக்கு ஆள் போடாத நிர்வாகத்துக்கு நர்சைக் கேள்வி கேட்கும் தகுதி கிடையாது.

திருத்தம் எளிது. நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் கறுத்த தோலின் அடையாளங்களைக் கட்டாயமாக்கட்டும். நர்சிங் கல்லூரிகள் நோயாளியின் ஒப்புதலுடன் உள்ளூர்த் தோலின் படங்களைத் தொகுத்துச் செயல்முறைக் கூடத்தில் மாட்டட்டும். ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் தராதிருக்கட்டும். புதுச்சேரி சுகாதாரத் துறை, சேர்க்கை நாளிலேயே பிரேடன் அளவுகோலில் படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணித்துக் கேஸ் ஷீட்டில் எழுத உத்தரவிடட்டும். காரைக்காலிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் மல்லாந்தபடியே ஆம்புலன்சில் புதுச்சேரி அனுப்பப்படும் நோயாளியின் பரிந்துரைச் சீட்டிலும் அந்தக் கணிப்பு இருக்க வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போதும் பழைய பாடமே நடக்குமானால், கண்டறியாமல் முற்றும் ஒவ்வொரு புண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பாடத்தை அப்படியே விட்டுவைத்த அதிகாரிகள்தான்.