காணி இருக்கு, உறுதி இல்லை

பத்தாம் தரத்தில் வணிகக் கல்விப் பாடம். சொத்து, பொறுப்பு என்ற பகுதி. "உங்கட வீட்டில இருக்கிற எதை வங்கி ஏற்றுக்கொண்டு கடன் தரும்?" என்று கேட்டேன். உம்மாவின் சங்கிலி, வாப்பாவின் மோட்டார் சைக்கிள், மாமாவின் தோணி எஞ்சின் என்று பதில்கள் வந்தன. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "காணி இருக்கு சேர், உறுதி இல்லை" என்றது. அதற்கு மேல் அன்று பாடம் நகரவில்லை.

நமது நாட்டில் எந்தச் சமூகம் பணக்காரச் சமூகம் என்ற பேச்சு எழுந்தால் எல்லோர் விரலும் முஸ்லிம்களின் கடைகளைத்தான் காட்டும். 2014 இல் அளுத்கமவிலும், 2018 இல் திகனயிலும், 2019 இல் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இந்தப் பேச்சும் இருந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் வயலையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடையில் விற்பனை நடப்பது வருமானம். அது மாதத்தோடு முடிந்துவிடும். கஷ்டகாலத்தில் தாங்கி, பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்வதுதான் செல்வம்.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டை அளந்து வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு மத்திய வங்கியின் 2022 ஆம் ஆண்டு ஆய்வின்படி வெள்ளையினக் குடும்பத்தின் இடையச் சொத்து 285,000 டொலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டொலர். கறுப்பின மக்கள் சோம்பேறிகளாக இருந்ததால் வந்த வித்தியாசமல்ல இது. 1930 களில் அவர்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறத்தில் குறித்து, வீட்டுக் கடன் கொடுப்பது ஆபத்து என்று ஒதுக்கினார்கள். வீடு வாங்க முடியாதவனின் பேரனுக்கு விற்கவோ ஈடு வைக்கவோ எதுவும் மிஞ்சவில்லை.

நமது கதையும் தாளில்தான் எழுதப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜையல்லாதவனுக்கு அரச காணி எங்கே கிடைக்கும்? லயன் அறையே பரம்பரைச் சொத்தானது. நமது மாவட்டத்தில் கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களில் யாருக்கு எவ்வளவு காணி போனது என்ற மனக்குறை இன்றும் ஆறவில்லை. ஆனால் அங்கு குடியேறிய சிங்கள விவசாயிக்குக் கிடைத்ததும் பெர்மிட்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது.

அதற்கு மேல் யுத்தம் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம்மவர்கள் வீட்டையும் கடையையும் அப்படியே விட்டு வந்தார்கள். அதே ஆண்டில் திருகோணமலைத் தமிழர்கள் பலர் தமிழகத்துக்குப் படகேறினார்கள். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்தபோது எத்தனை பேர் பெட்டியைத் திறந்து உறுதியைத் தேடியிருப்பார்கள்? உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்கள் அவர்கள்.

ஒருவரின் காணியை இன்னொருவர் பத்து வருடம் ஆண்டால் அது அவருக்கே என்று உரிமை கோரலாம். யுத்தத்தால் போக முடியாமலிருந்தவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல சட்டம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இதைப் பற்றி அறிவித்த பள்ளிவாசல் ஒன்றையும் நான் அப்போது காணவில்லை.

பழி முழுவதையும் அரசின் மேல் போடவும் மனம் வரவில்லை. நமது வாரிசுரிமை மார்க்க விதிப்படிதான் என்று 1931 இலிருந்தே நாட்டின் சட்டம் ஏற்றிருக்கிறது. ஆனால் வாப்பா மௌத்தாகி இருபது வருடமானாலும் பங்கு பிரிக்காமல், "நமக்குள்ள என்ன" என்று இருந்துவிடுகிறோம். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரே வளவுக்கு முப்பது பேர் சொந்தக்காரர். பிரிக்காத பங்கை நம்பி எந்த வங்கி கடன் தரும்? மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடும் பல இடங்களில் வாய்ச்சொல்லில்தான் நிற்கிறது. கடைகளில் வேலை செய்யும் பொடியன்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டாத முதலாளிகளும் நம்மில் இருக்கிறார்கள். தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்பது சட்டம். "அவன் நம்மட ஆள்" என்பது அதற்குப் பதிலாகாது.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உறுதி இருந்தவர்கள் காணியை ஈடு காட்டிச் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் முதலில் நகையை அடகு வைத்தார்கள். பிறகு கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் போனார்கள். எங்கள் அன்புவழிபுரத்தில் தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் கேட்டது ஒரே தவணைக் கணக்குத்தான்.

2024 இல் 'உறுமய' என்ற பெயரில் பெர்மிட்டை முழு உரிமை உறுதியாக மாற்றும் திட்டம் தொடங்கியது. பெர்மிட்காரர் பின்னுரித்தாளியை நியமிக்காமல் மௌத்தாகியிருந்தால் முதலில் அந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். முன்பு ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த விதி 2022 இல் திருத்தப்பட்டது. மகள்மார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தப் பிள்ளையின் வாப்பாவைப் பிறகு சந்தித்தேன். பெர்மிட் அவருடைய வாப்பாவின் பெயரில்; மூலப் பிரதி 2006 இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிரதேச செயலகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம் என்று சொல்லி, நானும் கூடப் போனேன். பதிவேட்டில் பெயர் இருக்கிறது. இனி சகோதரர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு தம்பி கட்டாரில். அவரோடு கதைத்து ஆறு வருடமாம். நேற்று இரவு நம்பர் தேடிக்கொண்டிருந்தார்.