மாற்றிவிடு என்பது நோயறிதல் அல்ல

சென்ற மாத இறுதியில் ஹல்துமுல்லைக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பை நோக்கி ஓடும் ஏ4 நெடுஞ்சாலை, பெலிஹுல்ஓயாவைக் கடந்து மலைமேல் ஏறும் வழியில் இருக்கும் சிறுநகரம் அது. இன்னும் சற்று மேலே பெரகலைச் சந்தி. அங்கே ஒரு கிளை ஹப்புத்தளைக்கும் மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கும் பிரியும். என் தகப்பனார் அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். யாழ்ப்பாணத்தின் சமதரையில் பிறந்த எனக்கு, இறக்கத்தில் பிறேக் பிடிக்காத சைக்கிள் எவ்வளவு பயங்கரமானது என்பதைக் கற்பித்த ஊர் என்ற வகையில் ஹல்துமுல்லை எனக்குக் குருபீடம்.

இம்முறை என்னை அங்கே ஒரு நாள் முழுவதும் தடுத்து வைத்தது ஒரு மலைச் சைக்கிள். அதன் உரிமையாளன் லயத்தில் பிறந்து வளர்ந்த இருபத்தைந்து வயது இளைஞன். ஹப்புத்தளையில் தங்கும் வெளிநாட்டவர்களைத் தேயிலைத் தோட்டப் பாதைகளின் ஊடாகச் சைக்கிளில் அழைத்துச் செல்வது அவனுடைய தொழில். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை ஹப்புத்தளையையும் தொட்டுச் செல்கிறது. அந்தப் பாதை 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர் இத்தகைய பிழைப்பு அப்பகுதி இளைஞர் சிலருக்கு வாய்த்திருக்கிறது. கொழுந்துக் கூடைக்கும் கொழும்புக் கடைச் சிப்பந்தி வேலைக்கும் அப்பால் கிடைத்த மூன்றாவது வழி என்பதால் அதை நான் சிறிதாக எண்ணுவதில்லை.

அவனுடைய சைக்கிளின் முன்கவை, கடைக்காரர் மொழியில் ‘ஷொக் ஃபோர்க்’, சிக்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியை அழுத்தினால் முதலில் அசையாது. மேலும் அழுத்தினால் திடீரென்று இறங்கும். இறங்கியது மேலெழத் தயங்கும். இரு வாரங்களுக்கு முன்னர் ஒரு சரளைக்கல் திருப்பத்தில் முன்சில்லு வழுக்கி விழுந்திருக்கிறான். முழங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை. நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறான். கடைக்காரர் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஃபோர்க் முடிஞ்சுது, புதுசு போடு” என்று தீர்ப்புக் கூறிவிட்டார். புதியதன் விலை, அவனுடைய தாயார் பல மாதங்கள் கொழுந்து பறித்து ஈட்டும் கூலி.

எனக்கு அந்தக் கடைக்காரர் மீது கோபமில்லை. ஆனால் ‘மாற்றிவிடு’ என்பது ஒரு முடிவு. அது நோயறிதல் அல்ல. காரணம் தெரியாமல் எடுக்கும் முடிவை நாம் அனுபவம் என்று தவறாக மதித்து வருகிறோம் என்பதே என் முறைப்பாடு.

முன்கவை என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வழுக்கிச் செல்லும் எளிய அமைப்பு அது. மோட்டார் சைக்கிள்களில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் இவ்வகைக் கவையை 1935இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலைச் சைக்கிளுக்கு அதைப் பரவலாக்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது 1989இல். மேற்குழாய்கள் இரண்டும் கீழ்க்கால்களுக்குள் இறங்கி ஏறும். உள்ளே ஒரு பக்கம் சுருள்வில் அல்லது அடைத்த காற்று; மறுபக்கம் எண்ணெய்த் தணிப்பான். குழாய்கள் உரசாதிருக்க உள்ளே வளையத் தாங்கிகள். வாயிலே தூசி துடைக்கும் இறப்பர் முத்திரை. அதன் கீழே எண்ணெயில் நனைந்த பஞ்சு வளையம்.

இந்த அமைப்பு சொகுசுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கல்லின் மேல் ஏறி இறங்கும் சில்லை மறுபடி நிலத்தோடு அழுத்திப் பிடிப்பதே இதன் தலையாய கடமை. ரயர் நிலத்தைத் தொடும்போதுதான் பிறேக்குக்கும் திருப்பத்துக்கும் பிடி கிடைக்கும். நிலையாய் நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம் என்று பாடசாலையில் படித்தோம். அந்த நிலை உராய்வு மிகுந்துவிட்டால், சிறு கற்களுக்குக் கவை அசையவே அசையாது; சில்லு துள்ளும்; துள்ளும் கணத்தில் பிடி இராது. அந்த இளைஞன் விழுந்தது அவனுடைய கவனக்குறைவால் அல்ல என்றே நான் கருதுகிறேன்.

செய்தியாளனாக முப்பது ஆண்டுகள் கழித்தவனுக்குக் கைவந்த கருவி ஒன்றுதான்: கேள்வி. “எப்ப தொடக்கம் தம்பி இப்படி?” என்று கேட்டேன்.

“முன் வீல் மாத்துனதுல இருந்துங்க ஐயா.” சற்று யோசித்துவிட்டு, “இல்லீங்க, அந்த அடைமழை விட்டதுல இருந்துன்னும் சொல்லலாம். ரெண்டும் ஒரே மாசந்தாங்க” என்றான்.

கடைக்காரர் இக்கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

பரிசோதனைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. செலவில்லாததை முதலில், கழற்ற வேண்டியதைக் கடைசியில் செய்ய வேண்டும். பூட்டு விசை திறந்திருக்கிறதா என்று பார்த்தோம், திறந்திருந்தது. பலர் இதை மறந்து கவையைச் சபிப்பதுண்டு. மீள்வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகியை வேகமான பக்கத்துக்கு முழுவதும் திருப்பினோம், மாற்றமில்லை. காற்றின் அளவு சரியாக இருந்தது.

அடுத்தது மலைநாட்டுக்கே உரிய சந்தேகம். கடல்மட்டத்தில் பூட்டிய கவையின் கீழ்க்கால்களுக்குள் அங்குள்ள காற்று அடைபட்டிருக்கும். ஹப்புத்தளை ஏறத்தாழ 1400 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கொழும்பைவிடச் சுமார் 15 வீதம் குறைவு. அடைபட்ட காற்று உள்ளிருந்து தள்ளிக் கவையை விறைப்பாக்கலாம். முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டி ஒன்றை இறப்பர் முத்திரைக்கும் குழாய்க்கும் இடையே மெதுவாகச் செருகினால் ‘உஸ்’ என்று காற்று வெளியேறும். செருகினோம், ஓசை வரவில்லை. ஆகவே அது காரணமல்ல. ஒரு காரணத்தை நீக்குவதும் அறிவுதான்.

பிறகு முன்சில்லின் அச்சைத் தளர்த்திவிட்டு அழுத்தச் சொன்னேன். அவன் முகம் மாறியது. கவை முன்னைவிட இலகுவாக இறங்கியது. புதிதாகப் பூட்டிய சில்லின் குடத்து முனைத்தொப்பி ஒன்று உரிய அகலத்தில் இல்லை. அச்சை இறுக்கும்போதெல்லாம் இரண்டு கீழ்க்கால்களும் உள்நோக்கி இழுபட்டு, தாங்கிகள் மேற்குழாய்களைக் கோணலாகக் கவ்விக்கொண்டிருந்தன. கவையில் கோளாறே இல்லாமல் கவை சிக்கிய கதை இது.

ஆனால் முழுவதும் சரியாகவில்லை. முதல் காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்துவது என் தொழிலிலும் பெரும் பாவம். சில்லைக் கழற்றி, காற்றை முழுவதுமாக வெளியேற்றி, கீழ்க்கால்களைக் கையால் ஏற்றி இறக்கினோம். இன்னும் கரகரப்பு. இது வில்லின் குற்றமாக இருக்க முடியாது, காற்றுத்தான் போய்விட்டதே. அப்படியானால் முத்திரை, பஞ்சு வளையம், தாங்கி, வளைந்த குழாய் ஆகியவற்றில் ஒன்று. குழாய் வளைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் பிடிக்கும். இங்கே பாதை முழுவதும் ஒரே மாதிரிக் கரகரத்தது. நகத்தால் குழாயைத் தடவினேன். நகம் சிக்கும் கீறல் எதுவுமில்லை.

அடியிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றிக் கீழ்க்கால்களை உருவினோம். காற்றை வெளியேற்றாமல் இந்த வேலையில் எவரும் இறங்கிவிடக் கூடாது. அழுத்தத்தில் கால்கள் பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். உள்ளே எண்ணெய் என்று சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சு வளையங்கள் செம்மண் குழம்பில் தோய்ந்து காய்ந்திருந்தன. ஒரு முத்திரையின் உதடு கிழிந்திருந்தது. மழைச் சேற்றில் ஓடிவிட்டு, துருவெதிர்ப்புத் தெளிப்பானை வாயில் அடித்துவிடுவது அவன் வழக்கம். அது கணநேரம் வழுவழுப்பைத் தந்து, உள்ளிருந்த நல்ல எண்ணெயைக் கழுவி, அழுக்கை உள்ளே அழைத்துப் போகிறது என்பதை எவரும் அவனுக்குச் சொன்னதில்லை. கீழ்க்கால்களை ஏறத்தாழ 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெயிட வேண்டும் என்பது ராக்‌ஷாக்ஸ் போன்ற உற்பத்தியாளரின் அறிவுரை. அவன் இரண்டு ஆண்டுகளாக ஒருமுறையும் திறக்கவில்லை.

துடைத்தோம். பஞ்சு வளையங்களைக் கழுவி நனைத்தோம். பண்டாரவளையில் ஒரு கடைசல் பட்டறையில் சில்லின் குடத்துக்கு மெல்லிய வளையம் ஒன்று கடைந்து வாங்கினோம். புதிய முத்திரைகளைக் கொழும்பிலிருந்து தருவிக்க ஒரு வாரம் பிடித்தது. எல்லாச் செலவும் சேர்ந்து, கடைக்காரர் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

கடைக்காரர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேற்குழாய் வளைந்திருந்தால், மேல்முடியில் வெடிப்பிருந்தால், கவையைத் தயங்காமல் வீசத்தான் வேண்டும். அங்கே சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. மலிவான சில சுருள்வில் கவைகளுக்கு உதிரிப்பாகமே கிடையாது. ஒரு மணிநேரம் பரிசோதிக்கும் மெக்கானிக்குக்கு அந்த மணிநேரத்துக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் முன்வருவதுமில்லை. பொருளுக்குப் பணம் கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்பது நம்மவர் குணம். அப்படியிருக்க, பொருளை விற்பதைத் தவிர அவருக்கு வேறென்ன வழி?

ஆயினும் நாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், எரிபொருள் தடையிருந்த ஆண்டுகளில், சைக்கிள்தான் அம்புலன்ஸ், அதுவே லொறி, அதுவே கல்யாண ஊர்வலம். புது உதிரிப்பாகம் என்ற சொல்லே மறந்துபோயிருந்த நாள்கள். செய்தி சேகரிக்கப் போன என் வண்டியை வீதியோர மரத்தடியில் திருத்தித் தந்த பெரியவர் ஒருவர், கையை வைப்பதற்கு முன் ஒருமுறை உருட்டச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகுதான் குறடு எடுப்பார். நோயையும் அதன் முதற் காரணத்தையும் தேடச் சொன்ன வள்ளுவரை அவர் படித்திருந்தாரோ தெரியாது; அதன்படி நடந்தார். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நாடே நின்றபோது தென்னிலங்கையும் சைக்கிளைத் தேடியது. அப்போது விலையேறிய வண்டிகளை வாங்கியவர் பலர்; பராமரிக்கக் கற்றவர் சிலரே.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமை பற்றிச் சட்டப் பணிப்புரை ஒன்றையே நிறைவேற்றியது. செல்வந்த நாடுகளே திருத்தும் கலையை மீட்கச் சட்டம் இயற்றுகின்றன. ஏழை நாடு அதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இளைஞனுடைய கைபேசியில் கவையைக் கழற்றும் காணொளிகள் ஆயிரம் உண்டு. அத்தனையும் ஆங்கிலத்தில். அவன் படம் பார்த்தான், காரணம் புரியவில்லை. எந்த ஒழுங்கில் ஐயப்படுவது என்பதைப் படத்தால் கற்பிக்க முடியாது, மொழியால்தான் முடியும். தமிழில் தொழில்நுட்பம் எழுதுவது பற்றி மாநாடுகளில் பேசுகிறோம். ஒரு முன்கவையை எப்படிச் சோதிப்பது என்று நான்கு பக்கம் எழுத நமக்கு நேரமில்லை. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் மலைச் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகளில் சிலராவது இதை எழுதக் கூடாதா?

ஹல்துமுல்லையில் நின்றுகொண்டு நோயறிதலைப் பற்றி எழுதுபவன் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதே பிரதேச செயலகப் பிரிவில்தான் கொஸ்லந்தை மீரியாபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அங்கே காரணம் தெரியாமற் போகவில்லை. தெரிந்தபின் செய்ய வேண்டியது செய்யப்படவில்லை. ஒரு சைக்கிளையும் அந்தப் பேரிழப்பையும் ஒரே தராசில் வைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அறிகுறியைப் பொருட்படுத்தாதிருக்கும் பழக்கம் ஒன்றுதான், இடத்துக்கு இடம் அதன் விலை மாறுகிறது என்கிறேன்.

புது முத்திரைகளைப் பூட்டிய அன்று மாலை அவன் தொலைபேசியில் அழைத்தான். தான் விழுந்த அதே திருப்பத்தில் மூன்று முறை இறங்கிப் பார்த்தானாம். “வீல் ஒட்டிக்கிட்டே போகுதுங்க ஐயா” என்றான். இப்போது பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனும் தன் சைக்கிளைக் கொண்டுவந்திருக்கிறானாம்.

“என்ன செய்தாய்?” என்று கேட்டேன்.

“எப்போ இருந்து இப்படின்னு கேட்டேங்க.”