தேர்ந்தெடுப்பது பார்வையாளரா, முகப்புத் திரையா?

ஒளிபரப்பு நேரத்துக்குக் காத்திராமல், வேண்டிய நிகழ்ச்சியை வேண்டியபோது பார்க்கத் தரும் ஓடிடி தளங்கள் பரவியபோது, நிகழ்ச்சி நிரலை வகுக்கும் அதிகாரம் தொலைக்காட்சி நிலையத்திடமிருந்து பார்வையாளரின் கைக்கு வந்துவிட்டதாகக் கருதப்பட்டது. அதில் பாதியே உண்மை. எப்போது பார்ப்பது என்பதைப் பார்வையாளர் முடிவுசெய்கிறார். எதைப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றிலோ தளத்தின் ஏற்பாட்டுக்கே பெரும்பங்கு உண்டு.

அந்த ஏற்பாட்டின் முதல் உறுப்பு பரிந்துரை. அதாவது, ஒருவர் முன்பு பார்த்தவற்றையும் அவரையொத்த ரசனையுடையோர் பார்த்தவற்றையும் கணக்கிட்டு, முகப்புத் திரையை ஆளுக்கு ஆள் மாற்றி அடுக்கும் முறை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தினர் இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அத்தளத்தில் பார்க்கப்படும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு பரிந்துரை வழியாகவே அமைகிறது. எஞ்சிய 20 விழுக்காடே தேடிப் பார்ப்பது. பத்து இருபது தலைப்புகளை நோட்டமிட்டதும், 60 முதல் 90 வினாடிகளுக்குள் பார்வையாளர் சலிப்படைகிறார் என்றும் அது குறிப்பிடுகிறது. கிடங்கில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அந்த ஒன்றரை நிமிடத்தில் கண்ணில் படாதது இல்லாததற்குச் சமம்.

இதற்கு நல்ல சான்று ‘சூட்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர். 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பாகி முடிந்து, பிறகு வேறொரு தளத்திலும் கிடைத்துவந்த அத்தொடர், 2023 ஜூனில் நெட்ஃபிளிக்ஸின் முகப்புக்கு வந்த பின்னரே, நீல்சன் நிறுவனத்தின் கணக்கில் அவ்வாண்டு அமெரிக்காவில் 5,770 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டு முதலிடம் பிடித்தது. கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. வைக்கப்பட்ட இடந்தான் மாறியது.

இரண்டாவது உறுப்பு, ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கும் அமைப்பு. நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கும்போதே அந்தப் படம் ஓரமாகச் சுருங்கி, அடுத்த பகுதிக்கான வினாடிகள் இறங்குவரிசையில் எண்ணப்படுகின்றன. வாரத்தொடரின் காலத்தில் அடுத்த பகுதியைப் பார்க்க முயற்சி வேண்டியிருந்தது. இப்போது பார்க்காமல் எழுந்துபோகவே முயற்சி வேண்டியிருக்கிறது. ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 பகுதிகளும் 2013 பிப்ரவரியில் ஒரே நாளில் வெளியானபின் பரவலாகப் பேசப்பட்ட ‘ஒரே மூச்சில் பார்த்தல்’ எனும் பழக்கத்தை வெறும் பேராசையாகக் கொள்வது பிழை. அந்த வடிவமைப்புக்கும் அதில் பங்குண்டு.

இந்தியாவில் இவற்றோடு விலையும் கருவியும் சேர்ந்துகொண்டன. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்தபின் இணையத் தரவின் விலை சரிந்தது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரே ஒரு கைப்பேசித் திரைக்கென 199 ரூபாய் மாதத் திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. கூடத்தில் குடும்பமே கூடி, எதைப் பார்ப்பதென்று வாதாடிய இடத்தில், காதில் ஒலிப்பானோடு தனித்திருக்கும் ஒருவரிடம் பரிந்துரை நேராகப் பேசுகிறது. மறுத்துச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு வயதுவாரி வகைப்பாட்டைக் கட்டாயமாக்கின. அந்த அக்கறை காட்சியின் உள்ளடக்கத்தைப் பற்றியது. காட்சி எவ்வாறு முன்வைக்கப்படுகிறது என்பதும் அதே கவனத்துக்கு உரியது. தானாக ஓடுவதை அணைக்கும் வசதியை அமைப்புகளின் ஆழத்தில் தேட விடாமல், அடுத்த பகுதி வேண்டுமா என்று முதலில் கேட்பதே இயல்பு நிலையாக வேண்டும். ‘வேண்டியபோது’ என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருளிருக்கும்.