சிறைக்குப் பிறகு

நமக்கு வரும் கடிதங்களில் ஒரு வகையை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்வோம். முப்பது வருஷம் பார்த்த உத்தியோகம் திடீரென்று போய்விட்டது என்று ஒருவர் எழுதியிருப்பார். குடும்பத்துக்குத் தூணாக நின்றவர் மறைந்துவிட்டார், இனி யாரை நம்பி வாழ்வது என்று ஓர் அம்மையார் கேட்டிருப்பார். கடல் கடந்து பொருள் தேடப் போன மகன் வெறுங்கையுடன் திரும்பி வந்து, தெருவில் தலைகாட்டக் கூசுகிறான் என்று ஒரு தகப்பனார் வருந்தியிருப்பார். "இனி என்ன செய்வது?" என்பதே எல்லாக் கடிதங்களுக்கும் கடைசி வரி.

"மனத்தைத் தளர விடாதீர்கள்" என்று பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிடுவது சுலபம். ஆனால், தளர்ந்த மனத்தைப் பார்த்துத் தளராதே என்று சொல்வதும், குளிர் ஜுரம் கண்டவனைப் பார்த்து நடுங்காதே என்று சொல்வதும் ஒன்றுதான். ஆகையால் உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, இந்த வாரம் நேயர்களை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறோம்.

தூத்துக்குடியிலிருந்து உப்பளங்களைக் கடந்து வடமேற்கே சென்றால் கரிசல் பூமி விரியும். அந்தக் கரிசல் நடுவே இருக்கிறது ஓட்டப்பிடாரம். கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி அதற்கு அருகிலேயே உள்ளது. பாரதியார் பிறந்த எட்டயபுரமும் வெகு தூரத்தில் இல்லை. அங்கே, 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி, உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பிள்ளையவர்களின் கதை யாருக்குத்தான் தெரியாது என்று நேயர்கள் கேட்கலாம். கப்பல் ஓட்டினார், சிறை சென்றார், செக்கிழுத்தார் என்று பள்ளிச் சிறுவனும் சொல்வான். வாஸ்தவம். ஆனால் அந்தச் சிறுவனிடம், "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விழிப்பான். அவனை மட்டும் குறை சொல்வானேன்? பெரியவர்களாகிய நாமும் விழிப்போம். அவர் சிறையில் இருந்தது ஐந்து வருஷத்துக்கும் குறைவு. சிறையிலிருந்து வந்த பின் வாழ்ந்ததோ ஏறக்குறைய 24 வருஷம். நமக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு வேண்டிய பதில் அந்த 24 வருஷத்தில்தான் இருக்கிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தகப்பனாரைப் போலவே பிள்ளையவர்களும் வக்கீல் தொழிலில் இறங்கினார். 1895-ல் ஓட்டப்பிடாரத்தில் தொடங்கி, 1900-ல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனியின் ஆதிக்கத்தில் இருந்தது. அதை எதிர்த்து, 1906 அக்டோபரில், சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மறு வருஷமே 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டிக் குறைத்தது. சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1908 மார்ச் 12-ஆம் தேதி பிள்ளையவர்கள் கைதானார். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது பிள்ளையவர்களுக்கு வயது 35. தீர்ப்பைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மேல் கோர்ட்டில் தண்டனை குறைந்தது. கோயமுத்தூரிலும் பிறகு கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912 டிசம்பர் 24-ஆம் தேதி வெளியே வந்தார்.

வெளியே அவருக்காக எவை காத்திருந்தன என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். கம்பெனி 1911-லேயே கலைந்துபோயிற்று. கப்பல்கள் விலைபோயின. தண்டனை பெற்றவர் ஆதலால் வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. தம்பியின் புத்தி தெளியவில்லை. மனைவி மீனாட்சி அம்மாளும் குழந்தைகளும் அவர் முகத்தையே எதிர்பார்த்திருந்தனர். லட்சக்கணக்கில் மூலதனம் திரட்டியவருக்கு அடுத்த மாதத்து அரிசிக்கு வழி தேட வேண்டிய நிலைமை. ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மாறுதல் என்ன நேர முடியும்?

பிள்ளையவர்கள் சென்னையில் குடியேறினார். மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். கொழும்புக்குக் கப்பல் விட்ட கை மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியது. செக்கிழுத்ததைக் காட்டிலும் இது கடினமான காரியம் என்பது நமது அபிப்பிராயம். செக்கிழுக்கையில் எதிரே நின்று அடக்கியவன் அந்நியன். ஊர் உலகமெல்லாம் அவருக்காக இரங்கியது. கடையில் உட்கார்ந்திருக்கையிலோ, பழைய அறிமுகக்காரர் ஒருவர் எதிரே வந்து, கண்டும் காணாதவர் போல் அடுத்த தெருவில் திரும்பக் கூடும். சிறைக் கஷ்டத்துக்குப் புகழ் உண்டு. கடைக் கஷ்டத்துக்கு அது இல்லை. பெருமை இல்லாத கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் பொறுமையின் கடைசிப் பரீட்சை.

இந்தப் பரீட்சையில் அவர் தேறியது எப்படி? நாம் யோசித்த அளவில் மூன்று காரியங்கள் தெரிகின்றன.

முதலாவது, தொழில் மாறினாலும் ஒரு நூலிழையை அவர் அறுந்துபோக விடவில்லை. அந்த இழை தமிழ். கோயமுத்தூர்ச் சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் புத்தகத்தை 'மனம் போல் வாழ்வு' என்று தமிழில் எழுதினார். 1909-ல், அவர் சிறைக்குள் இருக்கையிலேயே, அது அச்சாயிற்று. சிறையில் இயற்றிய 'மெய்யறம்' 1914-ல் வெளிவந்தது. கடைக் கணக்குக்கும் கடன்காரர்களுக்கும் நடுவே, திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917-ல் பதிப்பித்தார். பிற்காலத்தில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையையும் பதிப்பிக்க முற்பட்டார். ஏடுகளை ஒப்பு நோக்குவதற்கு மூலதனம் வேண்டாம், சன்னதும் வேண்டாம். சர்க்கார் பறிமுதல் செய்ய முடியாத வேலை ஒன்று அவர் கைவசம் இருந்தது. அது இருந்ததனால்தான், மற்ற வேலைகளெல்லாம் வந்தும் போயும் அவரை அலைக்கழித்தபோது, தாம் யார் என்பதை அவர் மறக்கவில்லை.

இரண்டாவது, அவர் வீண் கௌரவம் பாராட்டவில்லை. தென்னாப்பிரிக்காவில் கூலி வேலை செய்தும் சிறு வியாபாரம் செய்தும் பிழைத்த தமிழர்கள், இவர் படும் பாட்டைக் கேள்வியுற்றுப் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி காந்தியடிகளிடம் வந்திருந்தது. 1915-ல் அடிகள் இந்தியா திரும்பிய பின் இருவருக்கும் இது பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. கணக்கைத் தேடி எடுக்கக் காலதாமதம் ஏற்பட்டது. பிள்ளையவர்கள், "எனக்கு எதற்குப் பணம்?" என்று மிடுக்காக எழுதிவிட்டுக் குழந்தைகளைப் பட்டினி போடவில்லை, முனகிக்கொண்டு மனக்கசப்பு வளர்க்கவுமில்லை. தமக்குத் தேவை இருப்பதை மறைக்காமல் நேராக எழுதினார், விடாமல் நினைவூட்டினார். கடைசியில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. கைநீட்டுவதற்கும் உரிமையுடன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த விவகாரத்தில் பார்க்கிறோம்.

மூன்றாவது, பழைய பகைமையைச் சுமந்துகொண்டு அவர் புதிய பாதையில் நடக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்த்துவிட்டு, வருமானம் போதாமல், வக்கீல் சன்னதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி அதற்கு வழிசெய்தார். ஆங்கிலேய அரசாங்கத்தினால் வாழ்வை இழந்தவர், ஓர் ஆங்கிலேயர் செய்த நன்றியை மறக்காமல் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்ப்பது வேறு, மனிதனை வெறுப்பது வேறு என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு கோவில்பட்டியில் வக்கீலாக இருந்து, இறுதியில் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தார்.

இவ்வளவும் சொன்ன பின், "முடிவில் சகல சௌபாக்கியங்களுடனும் வாழ்ந்தார்" என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். பழைய செல்வம் அவரிடம் திரும்பவே இல்லை. கடைசி உயிலில், கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளையும் குறித்து வைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தம் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் காரியாலயத்தில் உயிர் நீத்தார். ஆகவே, மீண்டு எழுவது என்றால் இழந்ததை வட்டியுடன் திரும்பப் பெறுவது என்று யாரும் எண்ண வேண்டாம். இழந்தது இழந்ததுதான். தாம் எந்த மனிதராக உள்ளே சென்றாரோ, அந்த மனிதராகவே வெளியே வந்து 24 வருஷம் நின்றாரே, அதுதான் மீட்சி. கடனை மறைக்காமல் எழுதி வைத்த அந்த உயிலை ஒரு வெற்றிப் பத்திரமாகவே நாம் கருதுகிறோம்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அது கஷ்டப்படுகிறவர்களுக்கல்ல, பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலம் ஒன்று உண்டு. அது நின்று பல்லாண்டுகள் ஆயின. குளிப்பவன் கல்லைக் காலில் பற்றி ஆழத்தில் இறங்குவான். அவனுடைய கயிறு மேலே தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். கயிறு அசைந்ததும் அவன் இழுத்தாக வேண்டும். ஒரு கணம் பராக்குப் பார்த்தாலும் போயிற்று. அதனால்தான் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது வழக்கம் என்று சொல்வார்கள். தன் சகோதரியின் தாலிக்காவது அவன் கண் விழித்திருப்பான் அல்லவா?

பிள்ளையவர்கள் நமக்காக ஆழத்தில் இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் எத்தனை பேர்? கடலுக்கு அப்பால் கூலி வேலை செய்த ஏழைத் தமிழர் பிடித்திருந்தனர். உள்ளூரிலும் சில நண்பர்கள் பிடித்திருந்தனர். மற்றவர்கள் கரையில் நின்று அவர் வீரத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1972-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டோம். 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயரைச் சூட்டினோம். மிகவும் நல்ல காரியங்களே. ஆனால் அவர் கடை வைத்திருந்த நாளில், "இன்று முதல் எங்கள் வீட்டு விளக்குக்கு எண்ணெய் அங்கேதான்" என்று இன்னும் நூறு குடும்பங்கள் தீர்மானித்திருந்தால், அந்த உயிலில் பாக்கிகளின் பட்டியல் சற்றே சுருங்கியிருக்கும்.

வேலை இழந்தவர் நம் தெருவிலும் இருக்கிறார். அவர் சிறிதாக ஏதோ ஒரு தொழில் தொடங்கியிருக்கக் கூடும். அனுதாபம் சொல்லி அவர் பொழுதை வீணாக்க வேண்டாம். அவர் கடையில் சாமான் வாங்கி, கைமேல் காசு கொடுங்கள். வெறுங்கையுடன் திரும்பிய மகனிடம், போன இடத்தில் என்ன சம்பாதித்தாய் என்று கேளாமல், என்ன கற்றுக்கொண்டாய் என்று கேளுங்கள். துணையை இழந்த அம்மையாருக்கு ஏதேனும் ஒரு கைவேலையோ படிப்போ முன்பு பிரியமாக இருந்திருக்கும். அந்த இழையை மீண்டும் கையில் எடுக்கத் துணை நில்லுங்கள்.

இது எழுதியவர்களுக்கு நம் பதில்: கிடைத்த வேலையைக் கூசாமல் செய்யுங்கள், உங்களுடைய ஓர் இழையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதாதவர்களுக்கு நம் வேண்டுகோள்: கயிறு உங்கள் கையில் இருக்கிறது, பராக்குப் பார்க்காதீர்கள்.