லடாக் இருக்கட்டும், போடிமெட்டு போனீங்களா?

எங்க டீம்ல நாலு பேர் புல்லட்ல லடாக் போய்ட்டு வந்தாங்க. ரெண்டு வாரமா ஆபீஸ் கேன்டீன்ல வேற பேச்சே கிடையாது. கர்துங் லா போர்டு முன்னாடி நின்னு எடுத்த போட்டோவை லேமினேட் பண்ணி மாட்டாததுதான் பாக்கி. அந்த போர்டுல ரொம்ப வருஷம் 18,380 அடின்னு எழுதியிருந்தாங்க. ஒழுங்கா அளந்தா 5,359 மீட்டர்தான், அதாவது 17,582 அடி. எண்ணூறு அடியை சும்மா ரவுண்ட் ஆஃப் பண்ணியிருக்காங்க. நம்ம எஸ்டிமேஷன் எல்லாம் எவ்வளவோ பரவாயில்லை :-)

"நீ எந்த பாஸ் பார்த்திருக்க?"ன்னு கேட்டாங்க. "போடிமெட்டு. சைக்கிள்ல"ன்னேன். சிரிச்சிட்டாங்க. அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

நான் அரக்கோணத்துக்காரன். எங்க ஊர்ல உசரம்னா ரயில்வே மேம்பாலம்தான். தினமும் அம்பத்தூருக்கு லோக்கல் ட்ரெயின்ல போற சீசன் டிக்கெட் பார்ட்டி. மலை பார்க்கணும்னா வடக்கே நகரி மலை தெரியும். ஏறணும்னா 13 கிலோமீட்டர்ல திருத்தணி, நாளுக்கு ஒண்ணுன்னு 365 படி. கொஞ்சம் தள்ளி சோளிங்கர், பெரிய மலைக்கு 1,305 படி. அம்மாவுக்கு புத்தூர் பக்கம், வீட்டுல பாதி தெலுங்கு ஓடும். தெலுங்குல மெட்டுன்னா படி. திருப்பதிக்கு நடந்து போற ஒரு வழிக்கு ஸ்ரீவாரி மெட்டுன்னே பேரு. தேனிப் பக்கம் மெட்டுன்னா வேற, மலை மேல ஏறிக் கடக்கிற இடம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு எல்லாம் அப்படி வந்த பேர்தான். இங்கிலீஷ்ல பாஸுன்னு ஸ்டைலா சொல்றதுக்கு நம்மாளு வச்ச பேரு.

2025 ஜனவரியில போனேன். சென்ட்ரல்ல இருந்து போடிக்கு 2023 ஜூன்லேர்ந்து நேர் ரயிலே இருக்கு. தேனியில இருக்கிற காலேஜ் நண்பனோட கியர் சைக்கிள், ஓசி. வீட்டுல சொன்னது, "நண்பன் வீட்டுக்குப் போறேன்". பொய் இல்லையே?

போடி சுமார் 350 மீட்டர் உயரம். மெட்டு அதுக்கு மேல இன்னொரு ஆயிரம் மீட்டர். முந்தல் தாண்டினதும் ஏத்தம் ஆரம்பிக்குது, 17 கொண்டை ஊசி வளைவு. காலையில ஆறு மணிக்கெல்லாம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற பொம்பளைங்களை அடைச்சிக்கிட்டு ஜீப்புங்க வரிசையா ஏறுது. ஒரு ஜீப்ல இருந்து ஒரு அக்கா, "வண்டி ரிப்பேரா தம்பி?"ன்னு கேட்டாங்க. சைக்கிளை ஆசைப்பட்டு மலை மேல மிதிப்பான்னு அவங்களால நினைக்கவே முடியலை. அஞ்சாவது வளைவுல எனக்கும் அந்த சந்தேகம் வந்திடுச்சு.

ஆனா மிதிச்சாத்தான் ஒண்ணு புரியுது. கார்ல போறப்ப இந்த வளைவெல்லாம் வாந்தி வர வைக்கிற சமாச்சாரம். சைக்கிள்ல அதுதான் உயிர்நாடி. செங்குத்தா ஏத்தினா எந்த மாடும் மனுஷனும் ஏற முடியாதுன்னுதான் ரோட்டை இப்படி மடிச்சு மடிச்சுப் போட்டிருக்கான். நூறு மீட்டர் போனா சராசரி அஞ்சு மீட்டர் ஏத்தம், அவ்வளவுதான். கணவாய்ங்கிறது மலையோட உச்சி கிடையாது. மலைத்தொடர்ல எங்க கொஞ்சம் தாழ்வா இருக்கோ, அங்க பார்த்து மனுஷன் தாண்டியிருக்கான். அந்த இடத்தை முதல்ல கண்டுபிடிச்சது எஞ்சினியர் இல்லை, காலு. (நானும் எஞ்சினியர்தான், கோச்சுக்காதீங்க.) மேல போனதும் காத்து மாறுது, சட்டை வேர்வை ஜில்லுன்னு ஒட்டுது, செக்போஸ்ட், கேரளா. அங்க குடிச்ச டீ மாதிரி இன்னொரு டீ குடிச்சதில்லை.

இத்தாலியில ஸ்டெல்வியோன்னு ஒரு கணவாய் இருக்கு. 2,757 மீட்டர். 1820-லேர்ந்து 1825-க்குள்ள ஆஸ்திரியாக்காரன் ஆட்சியில குதிரை வண்டிக்காகப் போட்ட ரோடு. ஒரு பக்கம் மட்டும் 48 வளைவு. வருஷத்துல ஒரு நாள் கார், பைக் எல்லாத்தையும் நிறுத்திட்டு அந்த ரோட்டை சைக்கிள்காரங்களுக்கு விட்டுடறாங்க. ஆயிரக்கணக்கான பேர் வர்றாங்களாம்.

இதை இங்க கேட்டா, "அதெல்லாம் வெளிநாடு சார்"னு ஒரு பதில் ரெடியா இருக்கும். ஏங்க, திம்பம் மலைப்பாதையில 2022 பிப்ரவரியிலேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுல ராத்திரி போக்குவரத்தை நிறுத்தி வச்சிருக்கோமே? யானையும் சிறுத்தையும் அடிபடக் கூடாதுன்னு. ரொம்ப நல்ல விஷயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து வண்டிக்கு இ-பாஸ். ஆக ரோட்டை மூடவும் முடியும், எண்ணவும் முடியும். போடிமெட்டு நேஷனல் ஹைவே, அதை விடுங்க. கொல்லிமலை காரவள்ளி ரோட்டுல 70 வளைவு இருக்கு. வருஷத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் என்ஜின் சத்தம் இல்லாம விட்டா என்ன? ஊர்க்காரங்களுக்கு முள்ளுக்குறிச்சி பக்கமா வேற வழி இருக்கு. ஆம்புலன்ஸுக்கு எப்பவும் வழி. இதுக்கு பட்ஜெட்டே வேண்டாம்.

சைக்கிளாவது பரவாயில்லை, நடக்கிறவன் பாடுதான் பெரிய பாடு. போடியிலேர்ந்து இன்னொரு பக்கம் போனா குரங்கணி. அதுக்கு மேல டாப் ஸ்டேஷன். மூணாறு டீயை குண்டளை ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து, அங்கேர்ந்து ரோப்வேயில கீழ கோட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பியிருக்காங்க. அந்த ரயில் 1924 வெள்ளத்துல போயிடுச்சு, பேரு மட்டும் நிக்குது. டீ இறங்கின இந்த மலைகள்லதான் ஆளு ஏறினது. கங்காணி பின்னாடி, தலையில மூட்டையோட, மதுரை, திருநெல்வேலி சீமையிலேர்ந்து நடந்தே எஸ்டேட்டுக்குப் போனவங்க எத்தனை ஆயிரமோ. அவங்க யாரும் அதுக்கு ட்ரெக்கிங்னு பேர் வைக்கலை.

குரங்கணின்னா இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலேர்ந்து இறங்கினவங்க காட்டுத்தீயில மாட்டினாங்க. இருபதுக்கு மேல உயிர் போச்சு. நிறைய பேர் பெண்கள், நிறைய பேர் நம்ம மாதிரி சென்னையில ஐடி வேலை பார்த்தவங்க. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். அம்மா டிவி முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு, "நீ மலை கிலைன்னு எங்கியாவது போன, நடக்கிறதே வேற"ன்னாங்க. அன்னிக்கு நைட்டு அவங்க சாப்பிடலை. அதனாலதான் அந்த "நண்பன் வீட்டுக்கு".

அதுக்கப்புறம் அரசாங்கம் மலையேத்தத்துக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. வேணும்தான், நான் மறுக்கலை. மார்ச் மாசம் காய்ஞ்ச புல்லு சரிவுல தீ பிடிச்சா அது மேல்பக்கம் ஏறுற வேகத்துக்கு எவனாலும் ஓட முடியாது. இது உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாது. அன்னிக்கு முதல்ல ஓடிப்போய்த் தூக்கினவங்களும் அந்த ஊர் ஜனங்கதான். 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல புக் பண்ணணும், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், காட்டுத்தீ சீசன்ல மூடிடுவாங்க. அதுல குரங்கணி - சாம்பலாறு பாதையில நானும் நடந்தேன். வழிகாட்டி வழியில எங்களை நிறுத்தி, "பேசாம இருங்க"ன்னு கையைக் காட்டினார். நாங்க பத்து பேரும் ஒண்ணும் பார்க்கலை. அவர் காட்டின பிறகு பார்த்தா, இருபதடி தூரத்துல காட்டெருமை சாணி, ஆவி பறக்குது.

அந்த ஆளுக்கு நான் கொடுக்கிற காசு எனக்கு உறுத்தலை. என் சம்பளத்துக்கு அது ஒரு சினிமா, ஒரு பிரியாணி செலவோட கொஞ்சம் கூட. ஆனா இதே ரேட்டை அரக்கோணத்துல பாலிடெக்னிக் படிக்கிற பையன் கொடுப்பானா? அவன் என்ன பண்ணுவான், பர்மிஷன் இல்லாத பாதையில நாலு ஃப்ரெண்ட்ஸோட ரீல்ஸ் எடுக்கப் போவான். வழிகாட்டி இல்லாம, தீ சீசன் எதுன்னு தெரியாம. மறுபடி 2018-தான். ஸ்டூடண்ட் ஐடி காட்டினா பாதி விலைன்னு ஒரு வரி கோட் சேர்த்தா போதும், அந்த வெப்சைட்ல. வழிகாட்டி கூலியில கை வைக்காம மீதிப் பாதியை அரசாங்கம் போடட்டும். ரோட்டுக்குக் கொட்டுற காசுல இது தூசு.

லடாக் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. நீங்க போனது தப்புன்னு சொல்லலை, ஒருநாள் நானும் போவேன். ஆனா ரோதாங்குக்குக் கீழ 2020-லேர்ந்து அடல் டன்னல் ஓடுது, 9 கிலோமீட்டர், பத்து பதினஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கம். அடுத்து ஒவ்வொரு லாவுக்கும் ஒரு டன்னல் வந்தாலும் வரும். அப்புறம் கணவாயில ஏறப் போறது வேணும்னே ஏறுறவன் மட்டும்தான்.

கடைசியில அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். பொங்கல் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு, நல்ல மூடு பார்த்து. கொஞ்ச நேரம் பேசலை. அவங்க வருஷா வருஷம் சோளிங்கர் பெரிய மலை ஏறினவங்க, முட்டி போனதுலேர்ந்து நின்னு போச்சு. 2024-ல ரோப்கார் வந்த பிறகுதான் மறுபடி மேல போய் சாமி பார்த்தாங்க.

"இன்னாடா அது, போடிமெட்டு? எத்தனை மெட்டு?"ன்னாங்க.

"பதினேழு"ன்னேன்.

"த்தோடா... அவ்ளோதானா! இதுக்கா இத்தினி பொய்யி?"