இழுவை வீடு அடிவாரத்தில் நிற்கட்டும்

வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்புவது பழைய வழக்கம். வீட்டையே மோட்டாருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவது புது வழக்கம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தச் சிறு வண்டிக்கு மேல்நாட்டார் 'கேரவன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் இழுவை வீடு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

பெயர்தான் புதிதே தவிர, காரியம் புதிதல்ல. திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்று, வண்டிக்கடியிலேயே படுத்துறங்கிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனை! இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கப்பற்படை வைத்தியர் 1885ல் குதிரைகள் இழுக்கும் வீடு ஒன்றைச் செய்வித்துக்கொண்டு நாட்டைச் சுற்றினார். 'வாண்டரர்' என்பது அதன் பெயர். உல்லாசத்துக்கென்றே வீட்டு வண்டி கட்டும் பழக்கத்துக்கு அவரை முன்னோடி என்பார்கள். நம் அண்டை மாநிலமான கேரளம் 2021ல் இதற்கென்று தனித் திட்டமே வகுத்தது.

ஆகவே, இந்த ஆசை தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்வராயன் மலையைச் சுற்றியுள்ள தரைச் சாலைகளில் இப்படிப் பிரயாணம் செய்வது ஓர் ஆனந்தம். வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகள். வழி நெடுக மரவள்ளிக் கொல்லைகள். மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். நீலமலை ஒரு பக்கமாகக் கூடவே வந்துகொண்டிருக்கும். அவசரமில்லாதவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி எழுவது அடிவாரத்தில்தான். சேலத்தை விட்டு ஏற்காட்டுக்குப் புறப்படுகிறவர்கள் மலையேறத் தொடங்கும் இடம் அது. அங்கிருந்து சுமார் நாலாயிரம் அடி உயரம் ஏற வேண்டும். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இழுவை வீட்டோடு இந்தப் பாதையில் ஏறலாமா?

கூடாது என்பதே நிதானமாக யோசிப்பவர்களின் அபிப்பிராயமாக இருக்க முடியும்.

வளைவில் காரின் சக்கரம் போன தடத்தில் பின்வண்டியின் சக்கரம் போவதில்லை; உட்புறமாக வெட்டிக்கொண்டு போகும். அதைச் சமாளிக்கக் காரை அகலமாக ஒடிக்க வேண்டும். அப்படி ஒடித்தால் எதிரே வருபவரின் பாதை அடைபடும். நடுவில் சிக்கிக்கொண்டு பின்வாங்க நேர்ந்தாலோ, வலப்பக்கம் ஒடித்தால் பின்வண்டி இடப்பக்கம் திரும்பும். பழகாத கைக்கு இது பெரும் சோதனை. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். பின்வண்டியின் பாரம் முழுவதும் காரைத் தள்ளும். சிறு கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்.

"சாலை பொதுச் சொத்து, பஸ்ஸும் லாரியும் போகவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். போகின்றன, வாஸ்தவம். ஆனால் பஸ் ஒரே உடம்பு. அதன் டிரைவர் வளைவு வளைவாகப் பாதையை அறிந்தவர். இழுவை வீடோ இரண்டு உடம்பு. நடுவே ஒரு மூட்டு. ஓட்டுபவரோ வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர். பழகிய வண்டிகளுக்கே இந்த மலை ஆபத்தானது. 2024 ஏப்ரல் 30ந் தேதி தனியார் பஸ் ஒன்று இந்தப் பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பரில் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே தடைப்பட்டது.

இந்தப் பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காக மட்டும் போட்டதல்ல என்பதையும் மறக்கலாகாது. மலைமேல் அறுபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. காப்பியும் மிளகும் இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. கடுமையான நோயென்றால் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடி வர வேண்டும். குப்பனூர் வழியாக மற்றொரு பாதை உண்டு. அது சுற்று வழி. ஒரு வளைவில் ஓர் இழுவை வீடு சிக்கிக்கொண்டால், அதற்குப் பின்னால் நிற்கும் ஆம்புலன்ஸில் ஒரு பிரசவ வேதனை இருக்கலாம். ஒருவரின் விடுமுறைக்கு இன்னொருவர் உயிரை விலையாகக் கொடுப்பது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. அடிவாரத்திலேயே இழுவை வீடுகள் தங்குவதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம். தண்ணீர், விளக்கு, கழிப்பிடம், ஒரு காவலாள், இவ்வளவு போதும். ஊர்ப் பெண்கள் இட்டிலியும் பணியாரமும் விற்று நாலு காசு பார்ப்பார்கள். குடும்பம் காலையில் பஸ் ஏறி ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டு, மாலையில் இறங்கி வந்து தன் வீட்டிலேயே தூங்கலாம். கோடை விழா நாட்களில் நெரிசலும் ஓரளவு குறையும்.

கூண்டு வண்டியில் போன பெரியவர்களும் மலைக்கோயிலுக்கு வண்டியோடு ஏறவில்லை. மாட்டை அடிவாரத்தில் அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் மேலே போனார்கள். மோட்டார் வந்த பிறகும் அந்தப் புத்தி பயன்படும்.