ரிக்கார்டு மாதிரி இல்லையே!

"பணம் தண்டம், ஸார்!" என்றார் அந்த மனிதர்.

2019-ம் வருஷம் ஜூன் 3, திங்கட்கிழமை. மயிலாப்பூர்க் குளக்கரையில் காலை நடையை முடித்துவிட்டு, காப்பிக்குப் போவதற்கு முன் நாலைந்து பேர் நின்று உலக விவகாரங்களைத் தீர்த்து வைப்பது வழக்கம். அந்தச் சபையில் நானும் ஓர் அங்கத்தினன். முதல் நாள் மாலை பூந்தமல்லிக்கு அப்பால் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் இளையராஜாவின் கச்சேரி. அவருக்கு 76 வயது நிறைந்த நாள் அது. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் கே.ஜே. ஏசுதாஸும் வந்து பாடினார்கள். பாட்டுரிமை சம்பந்தமாக ராஜாவுக்கும் பாலசுப்பிரமணியத்துக்கும் 2017-ல் மனஸ்தாபம் ஏற்பட்டு, வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய், பிறகு சமாதானமாகி இருவரும் சேர்ந்து நின்ற மேடை. ஆகையால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மூன்றும் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தன. நானும் போயிருந்தேன். ஏசுதாஸுக்கு வயது 79. பாலசுப்பிரமணியத்துக்கு இன்னும் இரண்டு நாளில் 73. மூவர் வயதையும் கூட்டினால் அன்றைய கணக்குப்படி 227.

"எதனால் தண்டம்?" என்று கேட்டேன்.

"ரிக்கார்டு மாதிரி இல்லையே, ஸார்!"

இந்த ஒரு வாக்கியத்தோடு சண்டை போடுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அந்த மனிதரோடு எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. நல்லவர். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர். ஆனால் அவர் சொன்ன வாக்கியம் பொல்லாதது.

ரிக்கார்டு மாதிரி வேண்டுமானால் ரிக்கார்டுதான் இருக்கிறதே! சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனைத் தட்டினால் ராஜாவின் பாட்டுக்கள் அத்தனையும் கொட்டுகின்றன. அதற்காகச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய், புழுதியிலே வண்டியை நிறுத்திவிட்டு, நாற்காலியிலே நாலு மணி நேரம் முதுகு வலிக்க உட்கார வேண்டியதில்லை. மெனக்கெட்டுப் போனோமே, எதற்காக? அங்கே ஒரு மனிதன் நம் கண்ணெதிரே பாடுகிறான் என்பதற்காகத்தானே? அந்த மனிதனுக்கு 1981-ல் ஒரு வயது, 2019-ல் வேறொரு வயது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நம் தலையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதாதா?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ரிக்கார்டு என்று நாம் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறோமே, அது என்ன? என்றைக்கோ ஒரு நாள் காலையில் பாடிய பாட்டு. 'அன்னக்கிளி' வந்த 1976-லும் அதற்கப்புறம் பல வருஷங்களும், வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாகக் கூடி நின்றே ஒலிப்பதிவு செய்தார்கள். யாராவது ஒருவர் பிசகினால் எல்லோருமே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி நாலைந்து முறை பாடியதில் தேறியது ஒன்று. அதுதான் நம்முடைய ரிக்கார்டு. பாடியவரே அதற்கு முந்திய முறை வேறு மாதிரி பாடியிருப்பார். அந்த ஒரு காலையைப் பிடித்து ஆணி அடித்து மாட்டிவிட்டு, "இதற்குக் கீழே ஓர் அணுப் பிரமாணம் குறைந்தாலும் பணம் வாபஸ்" என்று நிற்கிறோம்.

குளக்கரை மனிதருடைய இன்னொரு புகார் எனக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது. ராஜாவின் கச்சேரிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். ஏதாவது ஓரிடத்தில் பிசகிவிட்டால் அவர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுவார். "இத்தனை பேர் முன்னாலே நிறுத்தலாமோ, ஸார்? ஒத்திகை பார்த்துண்டு வரப்படாதோ?" என்று இவர் அங்கலாய்த்தார். எனக்கோ ஒவ்வொரு கச்சேரியிலும் மிகவும் பிடித்த கட்டம் அதுதான். அத்தனை வயலின்காரர்களும் நிஜமாகவே வாசிக்கிறார்கள், எதிரே இருக்கும் காகிதத்தில் நிஜமாகவே ஸ்வரம் எழுதியிருக்கிறது, பிசகு நிஜப் பிசகு என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அவர் நிறுத்தாமல் போயிருந்தால் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது. ஆகவே நிறுத்தினார். கச்சேரி என்பது அதுதான், ஐயா!

இதற்கு நேர் எதிரான அபிப்பிராயம் ஒன்றைத் தியாகராய நகரில் கேட்டேன். பாண்டி பஜார்ப் பக்கம் கடை வைத்திருக்கும் சிநேகிதர். "நான் அழுதுட்டேங்க!" என்றார். எந்தப் பாட்டுக்கு என்று கேட்டேன். யோசித்தார். பாட்டு ஞாபகம் வரவில்லை. "காலேஜ் ஹாஸ்டல் ஞாபகம் வந்திடுச்சுங்க. நாப்பது வருஷம் பின்னால போயிட்டேன்" என்றார். ரொம்பச் சந்தோஷம். ஆனால் மேடையில் இருந்தவர்கள் பின்னால் போகவில்லையே! அவர்கள் அன்றைய தேதியில், அன்றைய சாரீரத்தோடு பாடிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதர் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட சமயத்தில் இங்கே என்ன பாடினார்கள் என்று அவருக்குத் தெரியாது. குளக்கரைக்காரராவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திட்டினார். இவர் கேட்கவே இல்லை. இருந்தாலும் இவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகிறவரோடு யார் வாதாடுவது?

வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? 1962-ல் லண்டனில் ஆரம்பித்த ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் கோஷ்டி 2003 ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து பாடியது. அடையாற்றிலிருந்து என் பழைய நண்பர் ஒருவர், பாங்கிலே உத்தியோகம், லீவு போட்டுவிட்டு ரயிலேறினார். அந்தக் கோஷ்டியின் பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. திரும்பி வந்த நண்பர் ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. "ஓடுகிறான், குதிக்கிறான், இடுப்பிலே எலும்பே இல்லை!" என்றார். பாட்டு எப்படி என்று கேட்டேன். "அப்படியே ரிக்கார்டு மாதிரி!" என்றார். அவரோடு போயிருந்த இன்னொருவர், "கிழவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம்" என்றார். ஒரே மேடை, ஒரே ராத்திரி, இரண்டு பேர். புகழ்ந்தவருக்கும் ரிக்கார்டுதான் அளவுகோல், இகழ்ந்தவருக்கும் அதுவேதான்.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஜாகரும் இளையராஜாவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1943 ஜூனில் இவர், ஜூலையில் அவர். அந்தக் கோஷ்டியில் மேளம் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-ல் தம் 80-வது வயதில் காலமானார். ஜாகர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2024-ல் அமெரிக்கா முழுவதும் சுற்றிப் பாடினார். நம்மவரோ 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனுக்கே போய்த் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றினார்.

சரி, வயதானால் சாரீரம் என்ன ஆகிறது? தொண்டையிலுள்ள குரல் நாண்களும் தசைதான். மெலிகின்றன, விறைக்கின்றன. நெஞ்சிலே மூச்சு முன்போல நிற்பதில்லை. மேல் ஸ்தாயி முதலில் போகும், நீண்ட கார்வை அடுத்தாற்போலப் போகும். நம் சங்கீத வித்வான்கள் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். இரண்டு கட்டையில் பாடிய மனிதர் ஒன்றரைக்கு வருவார், அப்புறம் ஒன்றுக்கு வருவார். தம்புராவைக் கொஞ்சம் இறக்கிச் சேர்த்தால் தீர்ந்தது. யாரும் தண்டோராப் போடுவதில்லை. முன்வரிசை மாமாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சினிமாப் பாட்டிலும் ராக்கிலும் அது முடியாத காரியமல்ல. மேல்நாட்டில் பல பழைய கோஷ்டிகள் கிதாரை அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி கூட்டிக்கொண்டுதான் பாடுகின்றன. ஆனால் ரிக்கார்டைக் கரைத்துக் குடித்த ரசிகர் விடமாட்டார். "சுருதியைக் குறைத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று மறுநாளே குற்றப்பத்திரிகை படிப்பார். வேஷ்டியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டால் அது ஏமாற்று வேலையா?

செம்மங்குடி சீனிவாசய்யரை நினைத்துப் பாருங்கள். 1908-ல் பிறந்தவர். 39-வது வயதில் சங்கீத கலாநிதி. தொண்ணூறு வயதிலும் மேடையேறினார். அவருக்கு வாலிபத்திலேயே சாரீரம் சொன்னபடி கேட்காது. வருஷக் கணக்காக அதோடு மல்லுக்கட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தார். தள்ளாத வயதில் அது இன்னும் சண்டித்தனம் செய்தது. இருந்தும் ஜனங்கள் போனார்கள். 'நாற்பதுகளில் பாடிய மாதிரி இல்லையே' என்று கணக்குப் பார்க்கப் போகவில்லை. இந்த ராகத்தில் இந்தக் கிழவர் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கப் போனார்கள். எட்டாத இடத்தை அவர் தொடாமல், தொடுகிற மாதிரி காட்டிவிட்டு இறங்கி வரும்போது, மிச்சத்தைக் கேட்கிறவன் தன் மனசுக்குள் பாடிப் பூர்த்தி செய்துகொள்வான். பாடுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து செய்கிற காரியம் அது. அந்தப் பழக்கம் டிசம்பர் மாதத்தோடு ஏன் நின்றுவிட வேண்டும்? மியூசிக் அகாடமியில் பொறுமையாக இருந்து 'ஆஹா' என்கிற அதே மனிதர்தான் ஈ.வி.பி. மைதானத்துக்குப் போனால் கடைக்காரனிடம் பில்லை நீட்டுகிற மாதிரி பேசுகிறார்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. இதற்கு டிக்கெட் விலையும் ஒரு காரணம். ஆயிரக் கணக்கில் கொடுத்துவிட்டால் உத்தரவாதம் கேட்கத் தோன்றுகிறது. உத்தரவாதம் கேட்டால் கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறார்கள். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஓட விட்டுவிட்டு, மேடையில் வாயை மட்டும் அசைக்கிற வித்தை உலகமெங்கும் நடந்து வருகிறது. அதில் மூச்சு வாங்காது, பிசகாது, வயதும் ஆகாது. 'ரிக்கார்டு மாதிரி வேண்டும்' என்று நாம் பிடிவாதம் பிடித்தால் ரிக்கார்டையே போட்டுவிடுவார்கள். நாமும் கை தட்டிவிட்டு வருவோம். எனக்குப் பயம் இதுதான்.

அப்படியானால் கிழவர் எப்படிப் பாடினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சுருதி விலகினால் விலகியதுதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். வயதுக்காக மார்க்குப் போடுவது தர்மம் கொடுக்கிற மாதிரி. சுயமரியாதை உள்ள வித்வான் அதை வாங்க மாட்டார். 'ஏன் இன்னும் பாடுகிறார், நிறுத்திக்கொள்ளக் கூடாதா' என்பதைத்தான் நாம் சொல்லக் கூடாது. முசிரி சுப்பிரமணிய ஐயர் சாரீரம் ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்ததும், வயது ஐம்பதை ஒட்டியிருந்தபோதே மேடையை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்புறம் அடையாற்றில் 1949-ல் ஏற்பட்ட சங்கீதக் கல்லூரிக்குத் தலைவராக இருந்து, ஒரு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார். எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 1997-ல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு மேடையேறவில்லை. இவர்கள் நிறுத்தியது இவர்கள் இஷ்டம், செம்மங்குடி நிறுத்தாதது அவர் இஷ்டம். டிக்கெட் வாங்கிவிட்ட காரணத்தால் அந்தத் தேதியைக் குறிக்கும் அதிகாரம் நமக்கு வந்துவிடவில்லை.

அந்த ஜூன் மாதத்தில் நான் கேட்ட அபிப்பிராயங்களில் ஒன்றே ஒன்றுதான் உருப்படி. எங்கள் தெருவில் ஒரு பாட்டு வாத்தியார் மாமி, எழுபத்தைந்து வயது இருக்கும், பேத்தி அழைத்துப்போய்க் கச்சேரி கேட்டுவிட்டு வந்தார். எப்படி என்று கேட்டேன்.

"நடுவிலே ஒரு எடத்திலே மூச்சு பத்தாதுன்னு அவருக்கு முன்னாலேயே தெரிஞ்சுடுத்து. அந்த அடியை ரெண்டாப் பிரிச்சுப் பாடினார். பிரிச்ச எடத்திலே ஒரு சின்னச் சங்கதி போட்டார், பாருங்கோ! அது ரிக்கார்டிலே கெடையாது. நான் ஆத்துக்கு வந்து போட்டுப் பார்த்தேன், இல்லை" என்றார்.

எந்தப் பாடகர் என்று மாமி சொன்னார். நான் சொல்லப் போவதில்லை. நானும் அதே மைதானத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அதைக் கவனிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் டெலிபோனைத் தலைக்குமேல் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார், அவர் கைக்கும் தோளுக்கும் நடுவே எனக்கு மேடை தெரிகிறதா என்பதிலேயே என் கவனம் போய்விட்டது. அவர் வீட்டுக்குப் போய்ப் புதிதாக ஒரு ரிக்கார்டைக் கேட்டிருப்பார்.

2020 செப்டம்பர் 25-ந் தேதி பாலசுப்பிரமணியம் காலமானார். தொற்று நோய்க் காலம். குளக்கரைச் சபை கலைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்று மாலை அந்த மனிதர் டெலிபோனில் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"நல்ல வேளை, ஸார். போன வருஷம் நேரிலே கேட்டுட்டோம். என்னமாப் பாடினார்!" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

பிறகு மருந்துக் கடை எப்போது திறக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.